பழைய டெஸ்லாவின் திரை ஏன் கறுத்துப்போகிறது? சிப்பை மாற்றுவதா, கணினியையே மாற்றுவதா?

2014-இல் வாங்கிய ஒரு டெஸ்லா மாடல் எஸ் கார். மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை, பேட்டரியும் நன்றாகத் தாங்குகிறது. ஒருநாள் காலையில் ஏறி உட்கார்ந்தால் நடுவில் இருக்கும் 17 அங்குலத் திரை கறுப்பாகவே கிடக்கிறது. இரண்டு நிமிடம் கழித்து எழுத்து தெரிகிறது, வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் கட்டங்கள் மட்டும். விசாரித்தால் ஒருவர் “மெமரி சிப் போயிருக்கும்” என்கிறார், இன்னொருவர் “எம்சியு, அதாவது திரையை இயக்கும் கணினி, மொத்தமும் மாற்ற வேண்டும்” என்கிறார், மூன்றாமவர் “அதற்கு ரீகால் இருக்கிறதே, நிறுவனமே வண்டியைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தரும்” என்கிறார்.

மூன்றுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் மூன்றும் ஒன்றல்ல. எது எதைச் சரிசெய்யும் என்று தெரியாமல் பணம் கொடுத்தவர்கள் நிறைய பேர். ஆகவே அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

திரைக்குப் பின்னால் இருப்பது

2012-இல் வந்த மாடல் எஸ் காரிலும், 2015-இல் வந்த மாடல் எக்ஸ் காரிலும் நடுத்திரையை இயக்கும் கணினிக்கு மீடியா கன்ட்ரோல் யூனிட், சுருக்கமாக எம்சியு என்று பெயர். 2018 மார்ச் வாக்கில் கணினி மாறியது. அதனால் அதற்கு முந்தையதை எம்சியு1 என்றும், பிந்தையதை எம்சியு2 என்றும் சொல்கிறார்கள்.

எம்சியு1-இன் மூளை என்விடியா நிறுவனத்தின் டெக்ரா 3. அந்தக் காலத்து டேப்லெட்டுகளில் இருந்த அதே சிப்தான். இயங்குதளம் லினக்ஸ். இயங்குதளமும் கோப்புகளும் தங்கியிருப்பது 8 ஜிபி அளவுள்ள ஒரு சேமிப்புச் சிப்பில். இந்த வகைச் சிப்புக்கு இஎம்எம்சி என்று பெயர். கணினியில் ஹார்ட் டிஸ்க் செய்யும் வேலையை இது செய்கிறது, ஆனால் கழற்றி மாட்டும்படி இருக்காது. பலகையோடு சாலிடர் செய்யப்பட்டிருக்கும்.

இந்தக் கணினி காரை ஓட்டுவதில்லை. மோட்டார், பிரேக், ஸ்டீயரிங், பேட்டரி மேலாண்மை எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உண்டு. எம்சியு1 வண்டிகளில் ஓட்டுநருக்கு முன்னால் வேகம் காட்டும் சிறிய திரைக்கும்கூடத் தனிச் சிப் இருக்கிறது. அதனால்தான் நடுத்திரை செத்த பிறகும் வண்டி ஓடுகிறது, வேகமும் தெரிகிறது. ஆனால் ஏசி, கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தை நீக்கும் வசதி, பின்பக்கக் கேமரா எல்லாம் அந்தத் திரை வழியாகத்தான். தனி பொத்தான்கள் கிடையாது. சேமிப்புச் சிப் போனால் இவையும் கையைவிட்டுப் போகும். இண்டிகேட்டர் போடும்போது கேட்கும் டிக் டிக் ஒலியும் ஆட்டோபைலட்டின் எச்சரிக்கை ஒலிகளும்கூட நின்றுவிடலாம்.

எழுதி எழுதித் தேயும் சிப்

இஎம்எம்சி சிப்பினுள் இருப்பது நாண்ட் ஃபிளாஷ் என்ற வகை நினைவகம். இதில் ஒவ்வொரு செல்லும் எலக்ட்ரான்களைப் பிடித்து அடைத்துவைக்கும் ஒரு சின்ன அறை. அறையைச் சுற்றி மிக மெல்லிய காப்புப் படலம். எழுதும்போதும் அழிக்கும்போதும் உயர் மின்னழுத்தம் கொடுத்து, அந்தப் படலத்தின் வழியாகவே எலக்ட்ரான்களை உள்ளே தள்ளுகிறார்கள், வெளியே இழுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் படலம் கொஞ்சம் பழுதாகிறது. பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்துக்கொண்டே இருந்தால் தாள் மெலிந்து கடைசியில் ஓட்டை விழும் அல்லவா, கிட்டத்தட்ட அதுதான்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஃபிளாஷ் நினைவகத்தில் சின்னச் சின்னப் பக்கங்களாக எழுதலாம், ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் அழிக்க முடியாது. பல பக்கங்கள் சேர்ந்த ஒரு தொகுதியையே அழிக்க வேண்டும். ஒரு வரியை மாற்ற வேண்டுமானால்கூட புதிய வரியை வேறொரு இடத்தில் எழுதிவிட்டு, பழையதைச் செல்லாததென்று குறித்துவைக்க வேண்டும். அப்புறம் அந்தத் தொகுதியில் மிச்சமிருக்கும் நல்ல பக்கங்களை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுத்தான் மொத்தமாக அழிக்க முடியும். ஆக, மென்பொருள் ஒரு வரி எழுதச் சொன்னால் சிப் உள்ளுக்குள் அதைப்போலப் பல மடங்கு எழுதுகிறது.

ஒரே இடம் தேயாமல் இருக்க, சிப்பினுள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி எழுத்தை எல்லா இடங்களுக்கும் பரப்பிவிடுகிறது. இதற்குக் காலி இடம் வேண்டும். 8 ஜிபி என்பது 2012-இல் போதுமென்று தோன்றியிருக்கலாம். ஆனால் புதுப்பிப்புக்குப் புதுப்பிப்பு மென்பொருள் பெருத்துக்கொண்டே போனது. இப்போது ஓடும் பதிப்பு ஒன்று, அடுத்து நிறுவப்போகும் பதிப்பு ஒன்று என்று இரண்டுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். காலி இடம் சுருங்கச் சுருங்க, இடம் பிடிக்க நகர்த்தும் வேலை கூடுகிறது. தேய்மானமும் சேர்ந்து கூடுகிறது.

சரி, அப்படி என்னதான் எழுதிக்கொண்டே இருக்கிறது? வரைபடத் துண்டுகள், பாட்டுச் செயலிகளின் தற்காலிகக் கோப்புகள், உலாவியின் கோப்புகள். எல்லாவற்றுக்கும் மேலாக லாக் எனப்படும் நாட்குறிப்பு. கணினியில் எந்த நிகழ்வு நடந்தாலும் ஒரு வரி பதியும். ஒரு பொறியாளருக்குப் பிழை தேடும்போது இது தங்கம். ஆனால் வாடிக்கையாளரின் வண்டியில், தேயக்கூடிய 8 ஜிபி சிப்பின்மேல், வருடக்கணக்கில் எழுதப்பட வேண்டியதல்ல. இந்தக் கோளாறின் வேர் இதுதான் என்று நான் நினைக்கிறேன். நினைவகத்தின் தரம் மோசமில்லை, அதன்மேல் சுமத்திய வேலைதான் அதிகம். பின்னால் வந்த மென்பொருள் பதிப்புகளில் டெஸ்லா இந்த எழுத்தைக் குறைத்தது. ஆனால் தேய்ந்தது தேய்ந்ததுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

இந்தச் சிப்புக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுள், ஒவ்வொரு தொகுதிக்கும் 3,000 முறை எழுதி அழிப்பது. நாளொன்றுக்குச் சராசரியாக 1.4 முறை எழுதி அழிக்கப்படுவதாக, டெஸ்லா கொடுத்த தகவல்களை வைத்து அமெரிக்க அரசின் வாகனப் பாதுகாப்பு அமைப்பு குறிப்பிட்டது. 3,000-ஐ 1.4-ஆல் வகுத்தால் சுமார் 2,140 நாட்கள். ஆறு ஆண்டுகூட முழுதாக வரவில்லை.

இதையே வேறு விதமாகச் சொன்னால், 8 ஜிபியை 1.4 முறை நிரப்புவது என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 11 ஜிபி. இதே எழுத்துச் சுமையை 64 ஜிபி சிப்பின்மேல் வைத்தால் ஒரு சுற்று முடியவே ஐந்தாறு நாள் ஆகும். அதே 3,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் நாற்பது ஆண்டுக்கு மேல் தாங்கும். இது தாளில் போட்ட கணக்குதான், வெப்பமும் வயதும் நடுவில் வரும். ஆனாலும் பெரிய சிப் போட்டால் பிரச்சினை ஏன் தீர்கிறது என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

2020-21: அரசு அமைப்பும் நிறுவனமும்

அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்பைக் கண்காணிப்பது தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், சுருக்கமாக என்எச்டிஎஸ்ஏ. 2020 ஜூனில் சுமார் 63,000 மாடல் எஸ் கார்களை வைத்து முதற்கட்ட விசாரணையைத் தொடங்கியது. நவம்பரில் விசாரணை விரிந்து மாடல் எக்ஸ் காரும் உள்ளே வந்தது. அதே நவம்பரில் டெஸ்லா இந்தச் சிப்புக்கு மட்டும் 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று வாரண்டியை நீட்டியது.

வாரண்டி வேறு, ரீகால் வேறு. வாரண்டி என்பது பொருள் கெட்டால் சரிசெய்து தருவதாக விற்றவர் கொடுக்கும் உறுதி. அதற்குக் காலக்கெடு உண்டு, பெரும்பாலும் கெட்ட பிறகுதான் கைகொடுக்கும். ரீகால் என்பது பாதுகாப்புக் குறை இருப்பதாக ஏற்றுக்கொண்டு, கெடுவதற்கு முன்பே உரிமையாளர்களுக்கு எழுதித் தெரிவித்து, இலவசமாகச் சரிசெய்து தர வேண்டிய சட்டக் கடமை. வண்டி எத்தனை கை மாறினாலும் ரீகால் வண்டியோடு போகும்.

2021 ஜனவரி 13 அன்று என்எச்டிஎஸ்ஏ, சுமார் 1,58,000 வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி டெஸ்லாவுக்குக் கடிதம் எழுதியது. கேமரா போவது, கண்ணாடிப் பனிமூட்டம் நீங்காமல் போவது, எச்சரிக்கை ஒலி போவது ஆகிய மூன்றும் பாதுகாப்புக் குறை என்பது அதன் வாதம். சிப் செத்தாலும் ஏசி தானாக ஓடுவது போன்ற மாற்றங்களை டெஸ்லா இணையம் வழியாக அனுப்பியிருந்தது. அவை போதாது என்றும் கடிதம் சொன்னது.

சில வாரங்களிலேயே டெஸ்லா இணங்கியது. 2012 முதல் 2018 வரையிலான மாடல் எஸ், 2016 முதல் 2018 வரையிலான மாடல் எக்ஸ், இரண்டும் சேர்த்து 1,34,951 வண்டிகள். சீனாவிலும் 2021 பிப்ரவரியில் 36,126 வண்டிகளுக்கு ரீகால் வந்தது. இணங்கியபோதும், இதைக் குறை என்று டெஸ்லா ஏற்கவில்லை. வண்டியின் முழு ஆயுளுக்கும் இப்படி ஒரு சிப் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பது அதன் நிலைப்பாடு.

அந்த வாதத்தில் பாதி சரி. டயர் தேயும், பிரேக் பட்டை தேயும், ஃபிளாஷ் சிப்பும் தேயும். ஆனால் டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், எந்தக் கடையிலும் மாற்றலாம். இந்தச் சிப்போ டாஷ்போர்டுக்குள், பலகையில் சாலிடர் செய்து கிடக்கிறது. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் அளவி எதுவும் இல்லை. இஎம்எம்சி 5.0 தரத்தில், எத்தனை விழுக்காடு தேய்ந்தேன் என்று பத்துப் பத்தாகச் சிப்பே சொல்லும் வசதி வந்துவிட்டது. அதைத் திரையில் ஒரு ஓரத்தில் காட்டுவது பெரிய வேலை இல்லை. தேயும் பொருள் என்று ஒன்றைச் சொன்னால், தேய்மானத்தைக் காட்டவும் எளிதாக மாற்றவும் வழி வைத்திருக்க வேண்டும்.

உங்கள் வண்டியில் போயிருப்பது எது?

மெதுவாக இருப்பதெல்லாம் சிப் கோளாறு ஆகாது. பிரித்துப் பார்க்க:

1. எப்போதுமே ஒரே அளவு மெதுவாக இருந்தால், அதாவது வரைபடத்தை நகர்த்தினால் தயங்குகிறது, உலாவி திறக்கவே மாட்டேன் என்கிறது என்றால், அது டெக்ரா 3-இன் வயது. சேமிப்புச் சிப்பை மாற்றினாலும் இது அதிகம் மாறாது.

2. முன்பு நன்றாக இருந்து, சில வாரங்களில் படிப்படியாக மோசமானால், திரை தானாக அணைந்து எழுந்தால், எழ நேரம் கூடிக்கொண்டே போனால், மென்பொருள் புதுப்பிப்பு பாதியில் தோற்றால், சேமிப்புச் சிப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

3. ஸ்டீயரிங்கில் இருக்கும் இரண்டு உருளைப் பொத்தான்களையும் அழுத்திப் பிடித்தால் நடுத்திரை மறுபடி தொடங்கும். அதில் ஒருநாள் சரியாகி மறுநாள் திரும்ப வந்தால், இரண்டாவது வகைதான். அப்படி மறுதொடக்கம் செய்துகொண்டே காலம் தள்ளாதீர்கள். ஒருமுறை எழாமலே போய்விடலாம்.

4. படம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் விளிம்பைச் சுற்றி மஞ்சள் பட்டை, அல்லது கண்ணாடிக்குள் குமிழி, ஒழுகும் பசை என்றால் கணினிக்குத் தொடர்பே இல்லை. அது திரைப் பலகத்தின் பசை.

5. எல்லாம் வேலை செய்கிறது, வைஃபை இல்லாத இடத்தில் இணையம் மட்டும் இல்லை என்றால், வண்டியைக் கைபேசி வலையமைப்போடு இணைக்கும் மோடத்தைப் பாருங்கள். முதல் சில ஆண்டு வண்டிகளில் இருந்தது 3ஜி மோடம். அமெரிக்காவில் ஏடி அண்டு டி நிறுவனம் 2022 பிப்ரவரியில் 3ஜி சேவையை நிறுத்திவிட்டது.

மூன்று வழிகள்

முதல் வழி ரீகால். டெக்ரா 3 இருக்கும் துணைப் பலகையைக் கழற்றி, 64 ஜிபி சிப் உள்ள பலகையைப் போட்டுத் தருவார்கள். காசு கிடையாது. பழைய வண்டியைக் கைமாறி வாங்கியவர்கள் முதலில் செய்ய வேண்டியது, வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணை என்எச்டிஎஸ்ஏ தளத்தில் போட்டுப் பார்ப்பது. முந்தைய உரிமையாளர் செய்யாமல் விட்டிருந்தால் அங்கே தெரியும். இந்த வேலையில் ஆயுள்தான் கூடும், வேகம் கூடாது. மூளை அதே டெக்ரா 3.

இரண்டாவது, வெளிப் பழுதுபார்ப்பாளரிடம் சிப்பை மட்டும் மாற்றுவது. ரீகாலுக்குள் வராத வண்டிகளுக்கும், சர்வீஸ் சென்டர் எட்டாத தொலைவில் இருப்பவர்களுக்கும் இதுதான் வழி. இந்த வேலை எப்படி நடக்கிறதென்று கிட்டத்தில் பார்த்தால், ஏன் நேரத்தோடு செய்ய வேண்டும் என்பது புரியும்.

12 வோல்ட் பேட்டரியைக் கழற்றிவிட்டு எம்சியுவை வெளியே எடுக்கிறார்கள். உள்ளே துணைப் பலகையில் இருக்கும் இஎம்எம்சி, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புச் செவ்வகம். 11.5 மில்லிமீட்டருக்கு 13 மில்லிமீட்டர். கால்கள் எதுவும் வெளியே தெரியாது. அடியில் 153 சாலிடர் உருண்டைகள். சாலிடர் சீராக உருக உதவும் ஃபிளக்ஸ் என்ற பசையைச் சுற்றிலும் தடவி, சூடான காற்றை வட்டமாகச் சுழற்றிச் சுழற்றிக் காட்டுகிறார்கள். அடியில் எல்லா உருண்டையும் உருகியதும் சிப் லேசாக அசையும். அந்த நொடியில் இடுக்கியால் தூக்க வேண்டும். அவசரப்பட்டால் பலகையின் செம்புத் தடம் பிய்ந்துகொண்டு வரும், தாமதித்தால் பக்கத்துச் சிப்புகள் வெந்துபோகும்.

தூக்கிய சிப்பைச் சுத்தம் செய்து, படிக்கும் கருவியின் குழியில் வைத்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பிட்டையும் ஒரு கோப்பாக எடுக்கிறார்கள். வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இயங்குதளத்தை எங்கிருந்தாவது கொண்டுவரலாம். ஆனால் அந்த வண்டிக்கு மட்டுமே உரிய பாதுகாப்புச் சாவிகளும் சான்றிதழ்களும் இந்தச் சிப்பில்தான் இருக்கின்றன. அவற்றைக் காட்டித்தான் வண்டி நிறுவனத்தின் சர்வரிடம் தன்னை அடையாளம் சொல்கிறது. சிப் தேய்ந்திருந்தாலும் படிக்க முடிந்தால் அவற்றைக் காப்பாற்றிவிடலாம், பெரிய சிப்பில் எழுதி அதே இடத்தில் பொருத்திவிடலாம். படிக்கவே முடியாத அளவுக்குச் செத்திருந்தால், புதுச் சிப் போட்டுத் திரை எழுந்தாலும் கைபேசிச் செயலி, புதுப்பிப்பு எதுவும் வராது. பிறகு நிறுவனத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும்.

மூன்றாவது வழி எம்சியு2-க்கு மாறுவது. இது பழுதுபார்ப்பு அல்ல, மேம்படுத்தல். இன்டெல் ஆட்டம் மூளை, 64 ஜிபி சேமிப்பு. நடுத்திரையோடு ஓட்டுநர் முன்னால் இருக்கும் திரையும் சேர்ந்து மாறும், ஏனென்றால் எம்சியு2-இல் இரண்டையும் ஒரே கணினி இயக்குகிறது. 2020-இல் அமெரிக்காவில் இதற்கு டெஸ்லா வைத்த விலை 2,500 டாலர். 2021-இல் 1,500 டாலராகக் குறைத்தது. வரைபடம் வழுக்கிக்கொண்டு நகரும், உலாவி உண்மையிலேயே பயன்படும், வண்டி நிற்கும்போது வீடியோ பார்க்கலாம்.

பணம் கட்டுமுன் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பழைய வானொலிப் பகுதி புதுக் கணினியோடு சேராது. பண்பலை வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் கட்டணம். அடுத்தது, வண்டியின் கேமராக்கள் மாறுவதில்லை. 2016 அக்டோபருக்கு முந்தைய வன்பொருள் உள்ள வண்டியில், கணினியை மாற்றினாலும் சுற்றுப்புறத்தைப் பதிவுசெய்யும் டேஷ்கேம் வசதியோ, நிறுத்திய வண்டியைக் காவல் காக்கும் வசதியோ வராது. அவற்றுக்காகத்தான் மாற்றுகிறேன் என்றால் வேண்டாம்.

என்னைக் கேட்டால், வேகம் உங்களுக்குப் பெரிய குறையாக இல்லையென்றால் ரீகாலே போதும். இன்னும் ஐந்தாறு வருடம் இதே வண்டிதான் என்று முடிவெடுத்தவர்கள் எம்சியு2 பக்கம் போகலாம். சிப் முழுதாகச் சாகும் வரை காத்திருந்து பிறகு யோசிக்கலாம் என்பது மட்டும் தப்பு.

கழற்றிய பலகை எங்கே போகிறது?

2020-இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், மேம்படுத்தலின்போது கழற்றப்பட்ட டெஸ்லா கணினிகளை இணையச் சந்தையில் வாங்கிப் பார்த்தார். முந்தைய உரிமையாளர்களின் வீட்டு முகவரி, வேலை செய்யும் இடம், வைஃபை கடவுச்சொல், கைபேசியிலிருந்து வந்த தொடர்பு எண்கள் என்று எல்லாம் அப்படியே இருந்தன.

திரை வேலை செய்யும்போதே, பலகையைக் கழற்றக் கொடுப்பதற்கு முன், அமைப்புகளுக்குள் போய் எல்லாவற்றையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஆனால் மேலே சொன்ன அதே காரணத்தால், செல்லாததென்று குறிக்கப்பட்ட பழைய பக்கங்கள் அழிக்கப்படும்வரை சிப்புக்குள்ளேயே கிடக்கலாம். செத்துப்போன திரையிலோ அழிக்கும் கட்டளையையே கொடுக்க முடியாது. ஆகவே வண்டியில் பதிந்திருந்த வைஃபை கடவுச்சொல்லையும் பாட்டுச் செயலிகளின் கடவுச்சொற்களையும் மாற்றிவிடுங்கள். வெளிக்கடையில் செய்தால் பழைய சிப்பைத் திருப்பிக் கேளுங்கள். புதுச் சிப் சில வாரம் ஒழுங்காக ஓடும்வரை அதைப் பத்திரமாக வைத்திருந்து, பிறகு சுத்தியலால் தட்டி உடைத்துவிடலாம்.